ரொறன்ரோ குளிர்காலத்துக்கு ஆண்களின் சப்பாத்து: தெரிவு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவில் நவம்பர் பிறந்ததும் கடைகளில் குளிர்காலச் சப்பாத்துகள் வந்து அடுக்கப்பட்டுவிடும். வாங்க வருபவர் முதலில் தோற்றத்தைப் பார்க்கிறார். அடுத்து, பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் மைனஸ் 30, மைனஸ் 40 என்ற எண்ணைப் பார்க்கிறார். சப்பாத்தைத் திருப்பி அதன் அடிப்பாகமான சோலைப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. நகரத்தில் வேலைக்குப் போய் வரும் ஆணுக்கு இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் சோல், அடுத்து நீர் புகாமை, பிறகு அளவு; கதகதப்பும் தோற்றமும் அவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

இதற்குக் காரணம் இந்த நகரத்தின் குளிரிலேயே இருக்கிறது. ஜனவரி மாதத்தில் இங்கே சராசரி வெப்பநிலை மைனஸ் 4, 5 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. வினிப்பெக் போலவோ எட்மன்ரன் போலவோ வாரக்கணக்கில் இறுகிக் கிடக்கும் குளிர் இங்கே அரிது. பகலில் வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டுகிறது, பனி உருகுகிறது. இரவில் மறுபடி உறைகிறது. அதன் மேல் மாநகராட்சியும் கட்டட உரிமையாளர்களும் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதாரண உப்பு ஏறக்குறைய மைனஸ் 10 பாகை வரை பனியை நன்றாக உருக்கும் என்பதால், குளிர்காலத்தின் பெரும்பகுதியில் நடைபாதையில் இருப்பது வெண்பனி அல்ல, சாம்பல் நிறத்தில் கலங்கிய உப்புச்சேறு. தெருமுனையில் வடிகால் வாய் பனியால் அடைபட்டிருந்தால், பாதசாரிகள் கடக்கும் இடத்திலேயே கணுக்கால் அளவுக்கு அந்தச் சேறு தேங்கி நிற்கும். ஆக, நகரவாசியின் சப்பாத்து சமாளிக்க வேண்டியவை வழுக்கல், ஈரம், உப்பு ஆகிய மூன்றும்தான். கடுங்குளிர் அவற்றுக்கு அடுத்த இடத்திலேயே வருகிறது.

முதல் படி: உங்கள் நாளைக் கணக்கிடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், ஒரு சாதாரண வேலை நாளில் வெளியே எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஸ்காபரோவில் பஸ் தரிப்பிடத்தில் 20 நிமிடம் காத்து நிற்பவருக்கும், காரை நிலத்தடித் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு மின்தூக்கியில் ஏறுபவருக்கும் ஒரே சப்பாத்து பொருந்தாது. நகர மையத்தில் யூனியன் நிலையத்தை ஒட்டி வேலை பார்ப்பவர், 30 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் ‘பாத்’ என்ற நிலத்தடி நடைபாதை வழியாகவே அலுவலகத்துக்குள் நுழைந்துவிட முடியும். அவருக்குத் தடித்த கம்பளி உறை வைத்த பூட்ஸ் வெறும் வியர்வையைத்தான் தரும்.

நடந்துகொண்டே இருக்கும் கால் தானாகவே சூடாகும். நிற்கும் கால்தான் குளிரும். எனவே நடக்கும் தூரத்தைவிட நிற்கும் நேரமே உங்களுக்கு எவ்வளவு கதகதப்புத் தேவை என்பதைத் தீர்மானிக்கிறது. காத்து நிற்பது 10 நிமிடத்துக்கு உட்பட்டதென்றால் மெல்லிய உறை போதும். அரை மணி நேரம் வரை போகுமென்றால் நடுத்தரமானது வேண்டும். பனி தள்ளுவதற்கும் பிள்ளைகளைச் சறுக்கு விளையாட்டுக்குக் கூட்டிப் போவதற்கும் ஒரு முரட்டுப் பூட்ஸ் தனியாக இருப்பது நல்லது. அதையும் அலுவலகச் சப்பாத்தையும் ஒன்றாக்க முயன்றால் இரண்டு வேலைக்கும் பொருந்தாத ஒன்றுதான் கைக்கு வரும்.

இரண்டாம் படி: சோலைத் திருப்பிப் பாருங்கள்

இதுதான் வழிகாட்டியின் மையம் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பனிக்கட்டி எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவில் வழுக்குவதில்லை. மைனஸ் 20இல் அது ஓரளவு உலர்ந்து இருக்கும், காலைப் பற்ற விடும். பூச்சியத்தை ஒட்டி அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போதுதான் மிக மோசமாக வழுக்கும். ரொறன்ரோவில் நாம் மிதிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைப் பனிக்கட்டியை. ஆழமான முரட்டு வரிகள் கொண்ட சோல் புதுப்பனியில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வழவழப்பான பனிக்கட்டியில் அந்த வரிகளுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அங்கே பிடிமானத்தைத் தருவது ரப்பரின் மென்மையும், நிலத்தோடு ஒட்டும் பரப்பின் அளவும், நீர் வழிந்தோட உதவும் நுண்ணிய வெட்டுகளுமே.

எந்தப் பொருளால் செய்த சோல் என்பதை அடுத்துக் கவனியுங்கள். அலுவலகச் சப்பாத்துகளில் வரும் தோல் சோல் குளிர்காலத்துக்கு ஆகவே ஆகாது. ஈரத்தை உறிஞ்சி ஊறுவதோடு பனிக்கட்டியில் கட்டுப்பாடில்லாமல் சறுக்கும். மலிவான சப்பாத்துகளில் இருக்கும் பிவிசி சோல் கடைக்குள் மென்மையாகத் தெரிந்தாலும் வெளிக்குளிரில் விறைத்துப் பலகையாகிவிடும். குளிருக்கென்றே கலவை செய்யப்பட்ட இயற்கை அல்லது செயற்கை ரப்பர் சோல்தான் நம்பத்தக்கது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கட்டைவிரல் நகத்தைச் சோலின் ஒரு மேட்டில் அழுத்துங்கள்: நகம் சற்றே பதிந்து, எடுத்ததும் அந்தத் தடம் மறைந்தால் ரப்பர் மென்மையானது; நகம் பதியாமல் வழுக்கிப் போனால் அந்தச் சோல் குளிரில் மேலும் இறுகும். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையாக இருந்தால், வாங்கி வந்த சப்பாத்தை அணியாமல் ஓர் இரவு பால்கனியில் வைத்துவிட்டுக் காலையில் இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். முன்பாதம் மடியும் இடத்தில் இலகுவாக வளைந்தால் வைத்துக்கொள்ளலாம்.

இந்த விடயத்தில் ரொறன்ரோவாசிகளுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. யூனிவர்சிட்டி அவெனியூவில் இருக்கும் ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவனத்தின் நிலத்தடி ஆய்வகத்தில், பனிக்கட்டித் தரை கொண்ட சாயும் அறை ஒன்று இருக்கிறது. பாதுகாப்புப் பட்டி கட்டிய மனிதர்கள் சப்பாத்தை அணிந்து அந்தத் தரையில் ஏறி இறங்குவார்கள். எந்தக் கோணத்தில் கால் சறுக்கத் தொடங்குகிறது என்று, உலர்ந்த பனிக்கட்டியிலும் ஈரமான பனிக்கட்டியிலும் அளப்பார்கள். 7 பாகைச் சரிவைத் தாங்கினால் ஒரு பனிச்செதில், 11 பாகைக்கு இரண்டு, 15 பாகைக்கு மூன்று என்று மதிப்பெண் தரப்படும். 7 பாகை என்ற எல்லை, ஒன்ராறியோவில் நடைபாதை ஓரங்களில் தெருவுக்கு இறங்கும் சாய்தளத்தின் சரிவை வைத்து வகுக்கப்பட்டது. 2016இல் ‘ரேற் மை ற்ரெட்ஸ்’ என்ற பெயரில் முடிவுகளை முதன்முறையாக வெளியிட்டபோது, சோதித்த சப்பாத்துகளில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அந்த ஒரு பனிச்செதிலைக்கூடப் பெறவில்லை. அவற்றில் விலை உயர்ந்தவையும் பெயர் பெற்றவையும் இருந்தன. எனவே விலையையும் பெயரையும் வைத்துப் பிடிமானத்தை ஊகிக்காதீர்கள். நீங்கள் நினைத்திருக்கும் மாதிரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

அந்தச் சோதனையில் தேறியவை, ரப்பருக்குள் நுண்ணிய கடினத் துகள்களையோ இழைகளையோ கலந்து செய்த புதுவகைச் சோல்கள். இத்தாலியின் விப்ரம் நிறுவனத்தின் ‘ஆர்க்ரிக் கிரிப்’ அவற்றில் ஒன்று. விப்ரம் பலவகைச் சோல் செய்கிறது என்பதை மறக்கக் கூடாது. மஞ்சள் நிற விப்ரம் சின்னத்தைப் பார்த்ததுமே பனிக்கட்டிக்கு ஏற்றது என்று முடிவு கட்டுவது தவறு. இத்தகைய கலவைச் சோல்களின் பிடிமானம் தேயத் தேயக் குறையும் என்பதால், பனியில்லாத உலர்ந்த நாட்களில் அவற்றை அணிந்து தார்ச்சாலையில் தேய்க்காமல் இருப்பது உத்தமம்.

இன்னோர் எச்சரிக்கை. வேலைத்தளச் சப்பாத்துகளில் ‘வழுக்காதது’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சமையலறைத் தரை, எண்ணெய், சவர்க்கார நீர் ஆகியவற்றைக் குறித்துச் சொல்லப்படுவது. பனிக்கட்டியில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்தச் சொல் எந்த உத்தரவாதமும் தராது. மேலே மாட்டிக்கொள்ளும் ஆணிப் பட்டைகள் பனிக்கட்டியில் சிறந்தவை. ஆனால் சுரங்க ரயில் நிலையத்தின் வழவழப்பான தரையிலும் படிகளிலும் அவையே ஆளை விழுத்தும். உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் கழற்றும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே அவை உகந்தவை.

மூன்றாம் படி: நீர் எங்கே புகும் என்று தேடுங்கள்

சப்பாத்துக்குள் நீர் புகும் வழிகள் நான்கு: சோலும் மேற்தோலும் சேரும் இடம், தையல் துளைகள், நாடாவுக்குக் கீழே இருக்கும் ‘நாக்கு’ என்ற தோல் துண்டின் இருபுற இடைவெளி, மேல் விளிம்பு. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். நாக்கைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தால், அதன் இரு பக்கமும் மேற்தோலோடு மடிப்பாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மடிப்பு எவ்வளவு உயரம் வரை போகிறதோ அவ்வளவு உயரம் வரைதான் அந்தச் சப்பாத்து நீரைத் தாங்கும். பக்கவாட்டில் ஸிப் வைத்தவையென்றால் அதன் உட்புறத்தில் தோல் மடிப்போ ரப்பர் மடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

இழுத்து மாட்டும் செல்சி வகைப் பூட்ஸ் ரொறன்ரோவில் மிகப் பரவலாக இருக்கின்றன. ரஸ்மேனியாவின் பிளண்ட்ஸ்ரோன் இங்கே எந்தப் பஸ்ஸிலும் கண்ணில் படும். மாட்டுவதும் கழற்றுவதும் எளிது என்பது அவற்றின் பெரும் நன்மை. வீட்டு வாசலிலும், நண்பர் வீட்டிலும், ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலிலும் குனிந்து நாடா அவிழ்க்க வேண்டியதில்லை. ஆனால் இருபுறமும் இருக்கும் இழுபட்டை துணியால் ஆனது. தேங்கிய சேற்றில் கால் வைத்தால் அந்த வழியாகத்தான் முதலில் ஈரம் ஏறும். ஆகவே, இந்த வகையை வாங்கினால் உட்புறத்தில் நீர்த்தடுப்புப் படலம் வைத்த குளிர்கால மாதிரியையே கேட்டு வாங்குங்கள்.

கோர்டெக்ஸ் போன்ற படலம் வெளிநீரைத் தடுத்து, வியர்வை ஆவியை ஓரளவு வெளியே விடும். வெளித்தோல் முழுவதும் ஊறிவிட்டால் அந்த ஆவி வெளியேறுவது மந்தமாகிவிடும் என்பதால், படலம் இருக்கிறது என்பதற்காகத் தோலுக்கு மெழுகு பூசுவதை விட்டுவிடக் கூடாது. படலம் இல்லாத நல்ல முழுத்தோல் பூட்ஸும், ஒழுங்காக மெழுகிட்டால், நகரச் சேற்றுக்கு ஈடுகொடுக்கும். மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்கிய தோல் வகைகளான சூவேட், நூபக் இரண்டையும் இந்த நகரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தெளிப்பான் அடித்தாலும் உப்புக் கறை அவற்றின் இழைகளுக்குள் இறங்கிவிடும். சப்பாத்தின் மூக்கில் துளையிட்டு அலங்கரித்த வகைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: அளவு

இலங்கையிலும் இந்தியாவிலும் சப்பாத்தில் போடப்படும் எண் பிரித்தானிய அளவு. கனடாவில் விற்கப்படுபவை அமெரிக்க அளவு. ஆண்களுக்கு இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு எண் வித்தியாசம் உண்டு. ஊரில் 8 அணிந்தவர் இங்கே 9 கேட்க வேண்டும். ஐரோப்பிய அளவில் அது 42ஐ ஒட்டி வரும். புதிதாக வந்தவர்கள் பழைய எண்ணையே சொல்லி வாங்கி, இறுக்கத்தில் கால் விறைத்து, சப்பாத்து கதகதப்பாக இல்லை என்று முறையிடுவது வழக்கமாக நடக்கிறது. இறுக்கமான சப்பாத்து இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். விரல்களைச் சுற்றி இருக்க வேண்டிய சூடான காற்றுக்கும் இடம் விடாது. எவ்வளவு தடித்த உறை வைத்திருந்தாலும் அந்தக் கால் குளிரவே செய்யும்.

நீளத்தோடு அகலத்தையும் கேளுங்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதங்களில் முன்பாதம் விரிந்திருப்பது சாதாரணம். சாதாரண ‘டி’ அகலத்தில் சுண்டுவிரல் நெருக்கப்பட்டால், நீளத்தைக் கூட்டாமல் ‘ஈ’ அல்லது ‘ஈஈ’ அகலத்தைக் கேட்க வேண்டும். நீளத்தைக் கூட்டினால் குதி தளர்ந்து, வழுக்கும் தரையில் கால் சப்பாத்துக்குள்ளேயே ஆடும். நல்ல கடைகளில் உலோகத்தாலான பாத அளவுகோல் இருக்கும். இரண்டு பாதங்களையும் நின்றபடியே அளக்கச் சொல்லி, பெரிய பாதத்துக்கு ஏற்ப வாங்குங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்த நேரமே அளக்க ஏற்றது. குளிர்காலத்தில் அணியப்போகும் அதே காலுறையை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

மாட்டி நாடாவைக் கட்டிய பின், பெருவிரலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் இடம் இருக்க வேண்டும். கடையில் சாய்தளம் இருந்தால் அதில் இறங்கி நடந்து பாருங்கள்; விரல் நுனி முன்னே முட்டக் கூடாது. குதி சிறிதளவு எழும்பலாம், கழன்று வரக் கூடாது.

ஐந்தாம் படி: கதகதப்பு

பெட்டியில் இருக்கும் மைனஸ் எண்ணை நம்பி வாங்காதீர்கள். சாதாரணப் பாவனைச் சப்பாத்துகளுக்கு எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் ஒரே அளவுமுறை கிடையாது. ஒவ்வொன்றும் தன் சோதனையைத் தானே வகுத்துக்கொள்கிறது. அதைவிடப் பயனுள்ளது, உறையின் எடை. தின்சுலேற் போன்ற செயற்கை உறைகள் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படும். ரொறன்ரோவில் நடந்து வேலைக்குப் போய்வருபவருக்கு 200 கிராம் போதும். பஸ் தரிப்பிடத்தில் நெடுநேரம் நிற்பவருக்கு 400 கிராம் பொருத்தம். அதற்கு மேல் நகரத்தில் தேவையில்லை. அலுவலகத்துக்குள் நாள் முழுவதும் கால் வெந்துகொண்டிருக்கும், அந்த வியர்வையே மாலையில் திரும்பும்போது காலைக் குளிரவைக்கும்.

குளிர் அதிகமாக ஏறுவது கீழிருந்துதான். உறைந்த நடைபாதையில் நிற்கும்போது சோல் வழியாகவே வெப்பம் இறங்குகிறது. தடித்த சோலும், பாதத்துக்குக் கீழே உள்ளே வைக்கும், கழற்றக்கூடிய கம்பளி இன்சோலும் மேற்புறத்தில் கூடுதலாகச் சேர்க்கும் உறையைவிட அதிகம் உதவும். காலுறையில் பருத்தியைத் தவிருங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி ஈரமானாலும் சூட்டைக் காக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அணிவதைவிட நல்லதாக ஒன்று அணிவதே மேல்.

ஆறாம் படி: தோற்றமும் அலுவலகமும்

கறுப்பு அல்லது கடும் பழுப்பு நிறத்தில், மூக்கில் அலங்காரம் இல்லாத, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் நாடா வைத்த பூட்ஸ் அலுவலகக் காற்சட்டையோடும் ஜீன்ஸோடும் ஒத்துப்போகும். சோலின் ஓரமும் தையல் நூலும் மேற்தோலின் நிறத்திலேயே இருந்தால் தடித்த சோல் கண்ணை உறுத்தாது. காற்சட்டையின் கீழ் விளிம்பு பூட்ஸின் மேல் இயல்பாக விழுகிறதா, சுருங்கி ஏறுகிறதா என்று கடைக் கண்ணாடியில் பாருங்கள். ஒன்ராறியோவின் கிச்சனரில் 1962இல் தொடங்கிய சோரல் போன்ற, ரப்பர் அடியும் கம்பளி உள்ளுறையும் கொண்ட பெரிய பூட்ஸ் ஆழமான பனிக்குச் செய்யப்பட்டவை. கூட்ட மேசைக்கு அவை பொருந்தா. கோட் சூட் கட்டாயமான இடத்தில் வேலை செய்பவர், குளிர்காலம் முழுவதும் ஒரு சோடி மெல்லிய சப்பாத்தை மேசைக்குக் கீழே வைத்திருந்து, வந்ததும் மாற்றிக்கொள்வதே சிறந்த ஏற்பாடு.

விலை குறித்து ஒரு வார்த்தை. பிடிமானமும் நீர்த்தடுப்பும் ஒருங்கே அமைந்த தோல் பூட்ஸ் 150 டொலருக்குக் கீழே கிடைப்பது அரிது; 300 டொலருக்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் தோலின் நேர்த்திக்கும் பெயருக்கும்தான். டிசம்பர் 26இல் தொடங்கும் தள்ளுபடியில் விலை இறங்கும், ஆனால் 9, 10 போன்ற அதிகம் விற்கும் அளவுகள் அதற்குள் தீர்ந்துபோகக்கூடும். முதல் குளிர்காலம் என்றால் காத்திருக்காமல் நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: உப்பிலிருந்து காப்பாற்றுதல்

சேற்றில் நடந்து வந்த சப்பாத்து காய்ந்ததும், மூக்கைச் சுற்றி அலை அலையாக ஒரு வெள்ளைக் கோடு எழும். விரலால் தொட்டால் சொரசொரக்கும். தோலுக்குள் ஊறிய உப்புநீர் ஆவியாகும்போது உப்பு மேலே வந்து படிந்த கோடு அது. அதை விட்டுவைத்தால் அடுத்த ஈரத்தில் மறுபடி கரைந்து உள்ளே இறங்கும். இப்படியே தோல் விறைத்து, மடியும் இடத்தில் வெடிக்கும். ஆகவே வீட்டுக்கு வந்த அன்றே, காய்வதற்கு முன், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கோடு ஏற்கெனவே விழுந்துவிட்டால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியை நனைத்து, முழு மூக்கையும் ஒரே சீராகத் துடையுங்கள். கோட்டை மட்டும் தேய்த்தால் புதிய கறை வட்டம் விழும். பின்னர் வெறும் நீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

நனைந்த சப்பாத்தைச் சூடேற்றியின் மேலோ பக்கத்திலோ வைக்கக் கூடாது. வேகமாகக் காயும் தோல் சுருங்கும், சோலை ஒட்டிய பசை தளரும். இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே கசக்கிய செய்தித்தாளை அடைத்து, அறை வெப்பத்திலேயே விடுங்கள். தாள் ஊறியதும் மாற்றுங்கள். முழுமையாக உலர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும் என்பதால், இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி அணிய முடிந்தால் இரண்டுமே நீண்ட காலம் உழைக்கும். துடைத்து உலர்ந்த தோலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோல் களிம்பும் மெழுகும் பூசுங்கள். சோல் சேரும் தையல் வரியில் பழைய பல்துலக்கியால் மெழுகை அழுத்தித் தேய்த்தால் நீர் புகும் முக்கிய வழி அடைபடும்.

ஏப்ரலில் எடுத்து வைக்கும்போது உப்பை முற்றாக நீக்கி, களிம்பிட்டு, உலர்ந்த இடத்தில் காற்றுப் படும்படி வையுங்கள். பிளாஸ்ரிக் பைக்குள் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடிச்சோலுக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள நடுச்சோல் பொலியூரித்தேன் என்ற செயற்கை நுரையால் செய்யப்பட்டிருந்தால், அணியாமல் பல வருடம் கிடப்பதே அதற்குக் கேடு. காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்து, ஒருநாள் நடக்கும்போதே பொடிப் பொடியாக உதிரும். அடுத்த நவம்பரில் முதல் பனிக்கு முன் எடுத்து, கையால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; குதியிலும் முன்பாதத்திலும் சோலின் வரிகள் மட்டமாகிவிட்டனவா என்று பாருங்கள். மேற்தோல் நல்ல நிலையில் இருந்து, சோல் தையலிட்டுப் பொருத்திய வகையாக இருந்தால் சப்பாத்துத் திருத்துபவரிடம் புதிய சோல் போட்டுக்கொள்ளலாம். பசையால் ஒட்டிய வகையென்றால், வரிகள் தேய்ந்ததும் அதைப் பனிக்காலப் பாவனையிலிருந்து நீக்கிவிடுங்கள்.